மூன்று ஊரில் டேட்டாபேஸ் நகல்: எது அசல் என்று யார் சொல்வது?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மருந்து மொத்த விநியோகம் செய்யும் கம்பெனி. பில்லிங், ஸ்டாக், வசூல் எல்லாம் ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில், சுமார் 600 ஜிபி. அதன் ஸ்டாண்ட்பை, அதாவது அசல் விழுந்தால் எடுத்துக்கொள்ளத் தயாராக ஓடும் நகல், அதே அறையில், அதே ரேக்கில். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் தண்ணீர் உள்ளே வந்து மூன்று நாள் பில் போட முடியாமல் போனது. இப்போது முதலாளி பணம் ஒதுக்கியிருக்கிறார். மும்பையில் ஒரு நகல், ஹைதராபாத்தில் ஒரு நகல் வைக்கலாம் என்று நினைக்கிறீர்கள். "இரண்டு ஊர் போதுமா, மூன்று வேண்டுமா, சென்னை விழுந்தால் மும்பை தானாகவே எடுத்துக்கொள்ள எப்படி அமைப்பது?" என்பது நீங்கள் எழுதியது.

எத்தனை ஊர் என்பது இதில் கடைசியாக வர வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எவ்வளவு டேட்டா போனால் உங்கள் வியாபாரம் தாங்கும்? இரண்டு ஊரும் ஒன்றையொன்று பார்க்க முடியாத நேரத்தில் எது அசல், எது நகல் என்று யார் முடிவு செய்வது? பத்தொன்பது வருடமாக டேட்டாபேஸ் அட்மின் வேலை செய்கிறேன். பெரும்பகுதி கிண்டியிலும் ஓஎம்ஆரிலும்தான். முதலில் ஆரக்கிள், பிறகு போஸ்ட்கிரெஸ். நகல் ஓட வைப்பதை ஒரு மதியத்தில் யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். நான் பார்த்த பெரிய நஷ்டங்கள் எல்லாம் இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதி வைக்காத இடங்களில்தான் நடந்தன.

முதல் கேள்விக்குத் தொழிலில் இரண்டு பெயர்கள் உண்டு. கடைசியாகப் பத்திரமான நிலைக்கும் விபத்துக்கும் இடையில் எவ்வளவு நேரத்து டேட்டாவை இழக்கலாம் என்பது ஆர்பிஓ. எவ்வளவு நேரத்துக்குள் மீண்டும் வேலை ஓட வேண்டும் என்பது ஆர்டிஓ. முதலாளியிடம் கேட்டால் இரண்டுக்கும் "ஜீரோ" என்றுதான் சொல்வார். அப்படிக் கேட்காதீர்கள். "மாலை நாலு மணிக்கு மெஷின் போகிறது. மூன்றே முக்கால் முதல் நாலு வரை போட்ட பில்லைத் திரும்ப உட்கார்ந்து போட முடியுமா?" என்று கேளுங்கள். பில்லுக்குக் காகித நகல் இருக்கும், சேல்ஸ்மேன் எடுத்த ஆர்டர் அவர் போனில் இருக்கும். ஆனால் ஆன்லைனில் வந்த பணத்தின் பதிவு போனால் கடைக்காரருடன் சண்டை. ஒவ்வொரு வகை டேட்டாவுக்கும் பதில் வேறு. ஒப்பிடுவதற்கு ஓர் அளவு சொல்கிறேன். பங்குச் சந்தைகளுக்கு செபி 2021இல் போட்ட விதிப்படி, முக்கிய சிஸ்டம் தடைப்பட்டால் 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அதிலிருந்து 45 நிமிடத்தில் மீள வேண்டும், டேட்டா இழப்பு 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஒன்றுகூட இழக்கக் கூடாததற்காகப் பக்கத்திலேயே தனியாக ஒரு சைட் வைக்கச் சொல்கிறார்கள். நாட்டின் பங்குச் சந்தைக்கே இதுதான் அளவு. ஒரு மருந்து விநியோகக் கம்பெனிக்கு அரை மணி நேரத்தில் மீள்வது, ஒன்றிரண்டு நிமிட டேட்டா ரிஸ்க் என்பது மிகவும் கௌரவமான இலக்கு.

"ஜீரோ இழப்பு வேண்டும், நகல் மும்பையில் இருக்க வேண்டும்" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். கண்ணாடி இழையில் ஒளி ஒரு செகண்டுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். போய்த் திரும்ப குறைந்தது 10 மில்லி செகண்ட். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் ரவுட்டர்கள் உண்டு. நான் வேலை பார்த்த லைன்களில் 20 முதல் 30 வரை வந்தது. அசலில் நடக்கும் மாற்றங்களைத் தொடர்ந்து நகலுக்கு அனுப்புவது ரெப்ளிகேஷன். அது சிங்க்ரனஸ் என்றால் ஒவ்வொரு கமிட்டும், அதாவது மாற்றத்தை உறுதிசெய்து பதிவதும், மும்பையிலிருந்து "எழுதிவிட்டேன்" என்று பதில் வரும் வரை காத்திருக்கும். 25 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொண்டால் ஒரு கனெக்‌ஷன் ஒரு செகண்டுக்கு 40 கமிட்டுக்கு மேல் போட முடியாது. இதைக்கூடப் பல கனெக்‌ஷன் வைத்துச் சமாளிக்கலாம். சிக்கல் வேறிடத்தில். காத்திருக்கும் அந்த நேரம் முழுக்க அந்த டிரான்ஸாக்‌ஷன் பிடித்த லாக், அதாவது தான் மாற்றும் வரியை வேறு யாரும் தொடாதபடி போட்ட பூட்டு, விடுபடாது. பில் நம்பருக்கு என்று ஒரே ஒரு வரி வைத்து அதை ஏற்றிக்கொண்டே போகும் பழைய சாஃப்ட்வேர் என்றால், எல்லா கவுன்டரும் அந்த ஒரு வரிக்காக வரிசையில் நிற்கும். மொத்த கம்பெனிக்கும் செகண்டுக்கு 40 பில்தான் உச்சம். மாதக் கடைசியில் இது உறைக்கும்.

இன்னொன்றும் நிச்சயம். சிங்க்ரனஸ் ஸ்டாண்ட்பை ஒன்றே ஒன்று வைத்து அது விழுந்தால், அசலில் கமிட் நின்றுவிடும். போஸ்ட்கிரெஸ் அதுவாக "சரி, நகல் இல்லாமலே போகிறேன்" என்று முடிவெடுக்காது. பாதுகாப்புக்காக வைத்த நகலே கடையை மூடிவிடும். அதனால் சிங்க்ரனஸ் வேண்டும் என்றால் இரண்டு ஸ்டாண்ட்பை வைத்து, இரண்டில் ஏதாவது ஒன்று பதில் சொன்னால் போதும் என்று அமையுங்கள். போஸ்ட்கிரெஸ் 10 முதல் இந்த வசதி இருக்கிறது. எல்லா டிரான்ஸாக்‌ஷனுக்கும் ஒரே கட்டுப்பாடு வேண்டும் என்பதும் இல்லை. சிங்க்ரனஸ் கமிட் என்ற செட்டிங்கை டிரான்ஸாக்‌ஷன்வாரியாக மாற்றலாம். பணம் வந்த பதிவுக்குத் தூரத்து நகலின் பதில் வரும் வரை காத்திருக்கட்டும், ஸ்டாக் கணக்கெடுப்பு காத்திருக்க வேண்டாம். இந்த வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. எனக்கு அது வருத்தம்தான், ஏனென்றால் பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும்.

இடம் பற்றி. என் சொந்த அனுபவம் ஒன்று இதில் எனக்குப் பெரிய பாடம். 2015 டிசம்பரில் அடையாற்றில் வெள்ளம் வந்தபோது கிண்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனிக்கு நான் பொறுப்பாக இருந்தேன். அசல் மூன்றாவது மாடியில், ஸ்டாண்ட்பை ஐந்தாவது மாடியில். இரண்டுக்கும் தனித்தனி யுபிஎஸ். சர்வர் ஒன்றுமே நனையவில்லை. ஜெனரேட்டரும் டீசல் டேங்கும் பேஸ்மென்ட்டில் இருந்தன. ஏரியா முழுக்க கரண்ட்டை நிறுத்தினார்கள், பேஸ்மென்ட் மூழ்கியது, யுபிஎஸ் நாற்பது நிமிடத்தில் தீர்ந்தது. சரி, பேக்கப் டிஸ்க் இருக்கிறதே என்று பார்த்தால், அது பாதுகாப்புக்காக அக்கவுன்டன்ட் வீட்டில் இருந்தது. அவர் வீடு முடிச்சூரில். அங்கே கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். டேட்டா ஒரு பைட்கூட அழியவில்லை, ஆனால் ஆறு நாள் யாராலும் தொட முடியவில்லை. போன் டவர் வேலை செய்யாததால் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதே இரண்டு நாள் தெரியவில்லை. அடுத்த வருடம் டிசம்பர் 12 வர்தா புயலில் வேறு மாதிரி. தண்ணீர் இல்லை, மரங்கள் விழுந்து வயர் எல்லாம் அறுந்து லைன் போனது.

ஆக, இரண்டு நகலும் எதையெல்லாம் பொதுவாக நம்பியிருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே மின் பாதை, ஒரே டீசல், ஒரே ஆறு, ஒரே லைன் கம்பெனி, ஒரே அட்மின் பாஸ்வேர்டு, சாவி வைத்திருக்கும் ஒரே ஆள். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். 2022 அக்டோபரில் தென் கொரியாவில் பாங்யோ டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்து, நாடே பயன்படுத்தும் காக்காவ் சேவைகள் முழுதாகத் திரும்ப ஐந்து நாளுக்கு மேல் ஆனது. அங்கே டேட்டா அழியவில்லை. மாற்று சைட்டில் மொத்த வேலையையும் எடுத்து நடத்தத் தேவையான ஏற்பாடு போதவில்லை.

உங்கள் விஷயத்தில் என் சிபாரிசு இப்படி. மும்பைக்கு முன்னால், அசலை அம்பத்தூர் அலுவலகத்திலிருந்து எடுத்து சென்னையிலேயே ஒரு முறையான டேட்டா சென்டரில் வையுங்கள். ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி இதற்குப் போனாலும் தப்பில்லை. வருடம் முழுக்க உங்களைத் தொந்தரவு செய்யும் கரண்ட், ஏசி, எலி கடித்த கேபிள் எல்லாம் இதில் தீரும். ஒரு ஸ்டாண்ட்பை அதே நகரத்தில் வேறு கட்டடத்தில், சிங்க்ரனஸாக. முப்பது கிலோமீட்டர் தூரம் என்றால் தாமதம் ஒரு மில்லி செகண்டை ஒட்டித்தான் இருக்கும், யாருக்கும் தெரியாது. இரண்டு ஸ்டாண்ட்பை வேண்டும் என்று மேலே சொன்னேனே, அந்த இரண்டாவதாகப் பதில் சொல்லும் ஆளாகத் தூரத்து நகலையே பட்டியலில் சேர்க்கலாம். பக்கத்து ஸ்டாண்ட்பை விழும் நாளில் எல்லாம் மெதுவாகும், ஆனால் நிற்காது. மற்ற நாட்களில் தூரத்து நகல் சில செகண்ட் பின்தங்கியே ஓடும். அது மும்பையா ஹைதராபாத்தா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் இரண்டு ஊரிலும் இருக்கிறது, மும்பையில் 2016 முதல், ஹைதராபாத்தில் 2022 முதல். ஹைதராபாத் பாதித் தூரம்தான், கடலிலிருந்தும் தள்ளி இருக்கிறது. மும்பையிலும் 2020 அக்டோபர் 12 அன்று மின் கிரிட் விழுந்து நகரமே இருண்டது. எந்த ஊரும் தனியாக நம்பத் தக்கது இல்லை, இரண்டு ஊரும் ஒரே நாளில் விழுவதுதான் அரிது. மூன்றாவது ஊரில் இன்னொரு ஓடும் டேட்டாபேஸ் உங்களுக்கு வேண்டாம். அங்கே வேண்டியது பேக்கப்.

இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். ரெப்ளிகேஷன் பேக்கப் ஆகாது. யாராவது நிபந்தனை போடாமல் ஒரு டெலீட் கட்டளை கொடுத்தால், நல்ல ரெப்ளிகேஷன் அந்தத் தவற்றை ஒரு செகண்டில் மூன்று ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ரான்சம்வேர் பூட்டினாலும் அதே கதைதான். சாஃப்ட்வேர் கோடைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் கம்பெனி 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை ஒளிக்காமல் முழுதாக வெளியிட்டது, அதற்காக அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. பின்தங்கிப் போன ஸ்டாண்ட்பையைச் சரிசெய்ய ராத்திரியில் உட்கார்ந்த இன்ஜினியர், ஸ்டாண்ட்பை என்று நினைத்து அசலின் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். தினசரி எடுப்பதாக நம்பிய டம்ப் (டேட்டாவை ஃபைலாக எழுதி வைக்கும் பேக்கப்), டூலின் பதிப்பு 9.2, டேட்டாபேஸ் 9.6 என்று பொருந்தாததால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயிலும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து டிஸ்க்கின் நகல்தான் காப்பாற்றியது. ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான்.

எனவே, தினமும் அல்லது வாரம் ஒரு முழு பேக்கப், அதோடு தொடர்ந்து வால் ஃபைல்களின் ஆர்க்கைவ். டேட்டாபேஸ் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதி வைக்கும் பதிவேடுதான் வால். இரண்டும் இருந்தால் "நேற்று மாலை 4.17க்கு இருந்தபடி கொடு" என்று கேட்க முடியும். பேக்கப் கருவிகளில் பிஜிபேக்ரெஸ்ட், பார்மன் இரண்டில் எது என்றாலும் சரி, நான் முதலாவதைப் பயன்படுத்துகிறேன். இந்தப் பேக்கப் வேறு ஊரில், வேறு அக்கவுன்ட்டில், வேறு பாஸ்வேர்டில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட நாள்வரை அட்மினாலும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி கிளவுட் ஸ்டோரேஜில் உண்டு, அதைப் போடுங்கள். வெளிநாட்டில் விலை குறைவு என்று அங்கே மட்டும் வைத்துவிடாதீர்கள். கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்கள் மின்னணு முறையில் இருந்தால், அவற்றின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினசரி வைக்கப்பட வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. உங்கள் கம்பெனிக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை ஆடிட்டரிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை.

இப்போது "தானாக" என்ற வார்த்தைக்கு வருகிறேன். ஒரே நகரத்துக்குள் இருக்கும் இரண்டு சர்வருக்கு இடையில் தானாக மாறுவதை நான் தைரியமாகச் சிபாரிசு செய்வேன். அசல் விழுந்தால் நகலை அசலாக்கும் பட்ரோனி என்ற சாஃப்ட்வேர், அதற்குப் பின்னால் எது அசல் என்று பெரும்பான்மை ஓட்டில் முடிவாக உதவும், மூன்று ஓட்டு உள்ள ஒரு ஈடிசிடி அமைப்பு, போதும். மூன்று ஓட்டும் மூன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். அவற்றில் இரண்டு ஓட்டு, அசல் இருக்கும் அதே ரேக்கில் இருந்தால் அந்த ஏற்பாடே வீண். ஆனால் சென்னைக்கும் மும்பைக்கும் இடையில் தானாக மாறுவதை உங்கள் அளவுள்ள கம்பெனிக்கு நான் சொல்ல மாட்டேன். காரணம் எளிது. மும்பையில் இருக்கும் மெஷினுக்கு "சென்னை செத்துவிட்டது" என்பதும் "சென்னையோடு எனக்கு இருக்கும் லைன் செத்துவிட்டது" என்பதும் ஒரே மாதிரிதான் தெரியும். சென்னை உயிரோடு பில் போட்டுக்கொண்டிருக்கும்போது மும்பையும் தன்னை அசல் என்று அறிவித்துக்கொண்டால் இரண்டு அசல் ஆகிவிடும்.

கிட்லேப் போலவே கோடைச் சேமிக்கும் சேவையான கிட்ஹப்பில் 2018 அக்டோபர் 21 அன்று நடந்தது இதற்கு நெருக்கமானது. நெட்வொர்க் கருவி ஒன்றை மாற்றும்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் லைன் அறுந்தது, வெறும் 43 செகண்ட். அதற்குள் தானியங்கி ஏற்பாடு மேற்குக் கரையில் இருந்த மைஎஸ்கியூஎல் நகலை அசலாக்கிவிட்டது. கிழக்கில் சில செகண்ட் எழுதப்பட்டவை மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கில் புதிதாக எழுதப்பட்டவை கிழக்கில் இல்லை. யாருடைய டேட்டாவும் போகக் கூடாது என்று அவர்கள் நிதானமாகச் சரிசெய்ததில் சேவை முழுதாகத் திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆனது. தானியங்கி தவறாக ஒன்றும் செய்யவில்லை, சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தது. அந்த அளவு ஆட்களும் திறமையும் உள்ள இடத்திலேயே இப்படி.

நான் கிட்டே நின்று பார்த்ததும் ஒன்று உண்டு. ஒரு கம்பெனியில் ராத்திரி லைன் போனது. ஷிஃப்டில் இருந்த தம்பி நல்ல எண்ணத்தில் தூரத்து நகலை அசலாக்கிவிட்டார். சென்னைக் கிளைகள் பழையதிலும், வெளியூர்க் கிளைகள் புதியதிலும் இரண்டு மணி நேரம் பில் போட்டன. ஒரே பில் நம்பர் இரண்டு கடைக்காரர்களுக்கு. ஒரே பெட்டி ஸ்டாக் இரண்டு பேருக்கு விற்றாகிவிட்டது. கையால் ஒப்பிட்டுச் சரிசெய்ய பதினோரு நாள் ஆனது. அந்தத் தம்பியின் மேல் தப்பே இல்லை. யார் சொன்னால் மாற்றலாம் என்று எங்குமே எழுதியிருக்கவில்லை, அதுதான் தப்பு.

அதனால் ஒரு பக்கத்தில் எழுதி, அச்சிட்டு, மூன்று பேர் வீட்டிலும் வையுங்கள். ஊர் மாற்றும் முடிவு இரண்டு பெயர்களில் ஒருவருடையது, அவர் கிடைக்காவிட்டால் மற்றவர். சென்னை இத்தனை நிமிடம் தெரியவில்லை என்றால், குறைந்தது இரண்டு வெவ்வேறு லைனிலிருந்து பார்த்து உறுதி செய்த பிறகு முடிவெடுக்கலாம். முடிவு மனிதருடையது, ஆனால் அதற்குப் பிறகு நடக்க வேண்டியது எல்லாம் ஒரே ஸ்க்ரிப்டில் ஓட வேண்டும். பதற்றத்தில் யாரும் கட்டளை டைப் செய்யக் கூடாது.

அந்த ஸ்க்ரிப்டில் முதல் வேலை பழைய அசலைக் கட்டிப்போடுவது. அதை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள், தொட முடியாவிட்டால் அதற்கு யாரும் போய்ச் சேராதபடி ஃபயர்வாலிலோ லோட் பேலன்சரிலோ அடையுங்கள். இது முடியாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது. பிறகு தூரத்து நகல் கடைசியாக எந்த இடம் வரை பெற்றது என்பதைக் குறித்து வையுங்கள், எத்தனை நிமிட பில்லைத் திரும்பப் போட வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். அதன் பிறகுதான் அதை அசலாக்குவது. போஸ்ட்கிரெஸின் சொந்த கிளையன்ட் லைப்ரரியில் ஒரே கனெக்‌ஷனில் பல சர்வர் பெயரைக் கொடுத்து, எழுத முடிகிற சர்வரைத் தேடிப் போகச் சொல்லலாம், போஸ்ட்கிரெஸ் 10 முதல். ஜாவா டிரைவரிலும் இதுபோல் உண்டு. சர்வர் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை மட்டும் நம்பினால், பழைய முகவரியை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு ஆப் கட்டாயம் இருக்கும்.

மாறிய பிறகு தடுக்கி விழும் இடங்கள் டேட்டாபேஸுக்கு வெளியேதான் அதிகம். பேங்க், பேமென்ட் கேட்வே போன்றவர்கள் உங்கள் சென்னை ஐபி முகவரியை மட்டும் அனுமதித்திருப்பார்கள். தூரத்து ஊர் முகவரியை இப்போதே எழுதிக்கொடுத்துச் சேர்த்து வையுங்கள், விபத்து நாளில் கேட்டால் இரண்டு வேலை நாள் என்பார்கள். ராத்திரி ஓடும் வேலைகள் இரண்டு ஊரிலும் ஓடி, கடைக்காரருக்கு இரண்டு எஸ்எம்எஸ் போகும். பில் நம்பர் விஷயம் ஒன்று உண்டு, உங்கள் அக்கவுன்டன்ட்டிடம் முன்பே சொல்லி வையுங்கள். போஸ்ட்கிரெஸில் அடுத்தடுத்த நம்பரைத் தரும் சீக்வென்ஸ், வேகத்துக்காக 32 நம்பரை முன்கூட்டியே வாலில் குறித்துவிடும். திடீரென்று அசல் விழுந்து நகல் எழும்போது நம்பர் அந்த அளவுக்குத் தாவலாம். ஜிஎஸ்டி விதியில் இன்வாய்ஸ் நம்பர் தொடர் வரிசையாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. தாவலுக்கு விளக்கம் எழுதி ஃபைலில் வைக்கப் போகிறீர்களா, இல்லை பில் நம்பரை சீக்வென்ஸில் அல்லாமல் தனி டேபிளில் வைக்கப் போகிறீர்களா என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். தனி டேபிள் என்றால் மேலே சொன்ன லாக் வரிசைப் பிரச்சினை திரும்ப வரும். கிளைக்கு ஒரு தொடர் என்று பிரித்தால் அது பெருமளவு தணியும்.

திரும்பி வருவதைப் பற்றி யாரும் திட்டம் போடுவதில்லை. சென்னை மீண்டதும் பழைய அசலை அப்படியே ஆன் செய்தால், அது தன்னை இன்னமும் அசல் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அதை நகலாக்கித்தான் சேர்க்க வேண்டும். பிஜி ரீவைண்ட் என்ற கருவி மாறிய பகுதியை மட்டும் சரிசெய்துவிடும், ஆனால் டேட்டா செக்சம்மோ வால் லாக் ஹின்ட்ஸ் செட்டிங்கோ முன்பே போட்டிருந்தால்தான் வேலை செய்யும். இன்றே பாருங்கள். இல்லையென்றால் 600 ஜிபியை மறுபடி இழுக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் லைனில் அது 13 மணி நேரத்துக்கு மேல், அதுவும் லைன் முழுதாக உங்களுக்கே கிடைத்தால். ரீவைண்ட் செய்வதற்கு முன் பழைய அசலின் நகல் ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள். போய்ச் சேராமல் நின்ற அந்தச் சில நிமிட பில்கள் அதில்தான் இருக்கும்.

லைன் அளவு பற்றி ஊகம் வேண்டாம். ஒரு நாளில் எவ்வளவு வால் உருவாகிறது என்று அளந்து பாருங்கள். 40 ஜிபி என்றால் சராசரி 4 எம்பிபிஎஸ்கூட இல்லை, ஆனால் மாதக் கடைசி மாலையில் அது பத்து மடங்கு போகலாம். உச்சத்துக்குத்தான் லைன் வாங்க வேண்டும். நகல் வாங்கும் வரை வாலை அழிக்காமல் சேர்த்து வைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட் வைத்திருந்தால் அதற்கு உச்சவரம்பு கட்டாயம் போடுங்கள், போஸ்ட்கிரெஸ் 13 முதல் அந்த வசதி உண்டு. வரம்பு இல்லாவிட்டால் தூரத்து நகல் இரண்டு நாள் தெரியாமல் போகும்போது அதற்காகச் சேர்த்து வைத்த வால், அசலின் டிஸ்க்கை நிரப்பி அசலையே நிறுத்திவிடும். அப்புறம், மூன்று மெஷினிலும் ஒரே லினக்ஸ் பதிப்பு இருக்கட்டும். லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி 2.28இல் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி மாறியது. அசல் பழையதில், நகல் புதியதில் இருந்தால் ரெப்ளிகேஷன் ஒழுங்காக ஓடுவது போலவே தெரியும், நகலை அசலாக்கிய அன்றைக்குத்தான் இன்டெக்ஸ், அதாவது வேகமாகத் தேட உதவும் அட்டவணை, தப்பான பதில் தரும். இருக்கும் கடைக்காரரை "இல்லை" என்று சொல்லும்.

இதுவரை சொன்னதில் போஸ்ட்கிரெஸ் எப்படி நடந்துகொள்ளும் என்பது எல்லாம் உறுதி, நீங்களே சோதித்துப் பார்க்கலாம். எந்த ஊர், எத்தனை சைட், தானாகவா கையாலா என்பது என் அனுபவத்திலிருந்து வரும் கருத்து. ஷிஃப்ட் முறையில் எப்போதும் ஆள் இருக்கும் பெரிய இடத்தில், மூன்று ஊரில் ஓட்டு வைத்து ஊர்களுக்கிடையிலும் தானாக மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்பும் இல்லை. எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் எழுதும் அமைப்பை நான் பெரிய அளவில் நடத்தியதில்லை, அதனால் அதைப் பற்றி ஆலோசனை சொல்ல மாட்டேன். உங்கள் லைனையும் உங்கள் சாஃப்ட்வேரையும் நான் பார்க்கவில்லை. 25 மில்லி செகண்ட் என்பதை என் வார்த்தையில் நம்பாமல் ஒரு வாரம் நீங்களே அளந்து பாருங்கள்.

ஒத்திகை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இயில் லைன் பிரச்சினையால் வர்த்தகம் ஏறக்குறைய நான்கு மணி நேரம் நின்றது. 2024 மார்ச் 2, ஒரு சனிக்கிழமை, அதே சந்தை நிஜ வர்த்தகத்தையே மாற்று சைட்டுக்கு மாற்றி நடத்திப் பார்த்தது. உங்களுக்கும் அதுதான் வழி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூரத்து ஊரை அசலாக்கி நாள் முழுக்க அதிலேயே வேலை நடக்கட்டும். மாலையில் திரும்புங்கள். நேரத்தைக் குறித்து வையுங்கள். முதல் ஒத்திகையில் நான் பார்த்த எந்த இடமும் அரை மணியில் முடித்ததில்லை, நாலு மணி நேரம் வரை போயிருக்கிறது. நாலாவது ஒத்திகையில் இருபது நிமிடத்துக்கு வந்துவிடும். அக்டோபர் தொடங்குவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால்.

டேட்டா சென்டரோடு ஒப்பந்தம் பேசி முடிக்கவே உங்களுக்கு இரண்டு மாதம் ஆகும். அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். நேற்றைய பேக்கப்பை எடுத்து, கிளவுடில் ஒரு நாள் வாடகைக்கு மெஷின் எடுத்து, அதில் ரீஸ்டோர் செய்து, உங்கள் அக்கவுன்டன்ட்டை உட்கார வைத்து நேற்றைய கடைசி பில்லைத் தேடச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் ஆனது, பில் கிடைத்ததா என்று எழுதுங்கள். அந்த எண்ணோடு வந்தால் லைன் அளவும் மெஷின் அளவும் சேர்ந்து கணக்குப் போடலாம்.